மழையில் முன்னே நடந்தவள்

தோட்டத்தில் யாராவது சாமி வந்து ஆடினால் முதல் ஆளாகச் சிரிக்கிறவள் நான்தான். பேய் பிடித்தது, குறி சொன்னார்கள், செத்துப்போனவர் கனவில் வந்து பேசினார் என்று யார் எதைச் சொன்னாலும், "நல்லா சாப்பிட்டுத் தூங்குங்க, எல்லாம் சரியாப் போகும்" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். அதனால் இப்போது நான் சொல்லப் போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. சிரியுங்கள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள், அவ்வளவுதான்.

இலங்கையில், எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், பெயர் வேண்டாம். எழுபதுகளின் தொடக்கம். பரம்பரையாகத் தோட்டத்தில் உழைத்த எங்கள் ஆட்களை, இரண்டு அரசாங்கமும் பேசி, இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். அப்பா உயிரோடு இருந்தபோதே இந்தியப் பிரஜையாகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அவர் செத்த பிறகுதான் அம்மாவுக்கும் தம்பி செல்வராசுவுக்கும் பாஸ்போர்ட் வந்தது. நான் கல்யாணம் முடித்து வீட்டுக்காரரோடு இலங்கைக்கு எழுதப்பட்டவள், எனக்கு வரவில்லை. ஒரே வீட்டில் ஒரே பானையில் சாப்பிட்டவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டோம்.

மாத்தளை ஸ்டேசனில் அவர்களைக் கோச்சி ஏற்றிவிடப் போனேன். அம்மா ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"அழுவாதடி பாக்கியம். ஒன்னைய ஆத்தாகிட்ட ஒப்படைச்சிட்டுத்தான் போறேன்."

எங்கள் தோட்டத்து மாரியம்மனைத்தான் அப்படிச் சொன்னாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். "நான் என்ன சாமானா ஒப்படைச்சிட்டுப் போக? நீயே இருந்து பாத்துக்க வேண்டியதுதானே" என்றேன். கோச்சி நகர்ந்தபோது அவள் கை என் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது, அந்த இழுப்பு எத்தனையோ நாள் என் விரல்களில் இருந்தது.

அதற்குப் பிறகு நான் கோயில் பக்கம் போகவில்லை. தினமும் விளக்கு வைத்த என் அம்மாவையே கடலுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்ட சாமியிடம் எனக்கென்ன பேச்சு? இனி எனக்கு நான்தான் என்று முடிவு செய்துகொண்டேன். மலையில் எல்லாரையும் விட அதிகமாகக் கொழுந்து எடுப்பேன், செடி உயரம் குறைக்கக் கவ்வாத்து வெட்டுவேன், கூரை ஒழுகினால் நானே ஏறி அடைப்பேன். ஆனால் கொழுந்து நிறுக்கப் போய் வரிசையில் நிற்கும்போது மட்டும் என்னையறியாமல் பக்கத்தில் திரும்பிப் பார்ப்பேன். அம்மா எப்போதும் எனக்கு இடது பக்கம்தான் நிற்பாள். அங்கே வேறு யாராவது நிற்பார்கள்.

எனக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்து தவழத் தொடங்கிய வருசம், தைப் பொங்கல் முடிந்த கையோடு மழை பிடித்தது. எங்கள் பக்கத்தில் அந்த நேரத்து மழை புதிதில்லை, ஆனால் இந்த மழை விடவே இல்லை. மலையில் வேலை நின்றுபோனது. வீட்டுக்காரர் நிழல் மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்து காலை முறித்துக்கொண்டு மாத்தளை ஆஸ்பத்திரியில் கிடந்தார். போய்ப் பார்க்க முடியாமல் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது.

எங்கள் லயம் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள், அதன் கடைசி இரண்டு காம்பராக்கள் சரிவை ஒட்டியவை. ஒன்றில் நானும் பிள்ளையும். அடுத்ததில் செவனம்மா அக்கா, நிறைமாதம். அவள் புருசன் தேயிலைப் பெக்டரி வேலைக்குப் போனவர், திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

அன்று காலையில் கங்காணி வந்து, "மேட்டு மண்ணு வெடிச்சுக் கெடக்கு, எல்லாரும் பாலத்தத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க" என்று கத்திவிட்டுப் போனார். லயத்து ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். நான் போகவில்லை. பின்னால் இருக்கிற வடிகால் கானை வெட்டிவிட்டால் தண்ணீர் வழிந்து போய்விடும் என்று எனக்கு நிச்சயம். "நீ இருந்தா நானும் இருக்கேன், என்னால இந்த வயித்தோட நடக்க ஏலாது" என்று செவனம்மா அக்காவும் இருந்துவிட்டாள். அவள் என்னை நம்பினாள். நான் என் மண்வெட்டியை நம்பினேன்.

பிள்ளையைச் சேலையில் கட்டிய ஏணையில் போட்டுவிட்டுப் பின்பக்கம் போய் வெட்டினேன். எவ்வளவு வாரிப் போட்டேனோ அவ்வளவு சேறு மேலேயிருந்து வந்து கானை மூடியது. மத்தியானம் என்றுதான் பெயர், அந்தி மாதிரி இருட்டு. சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு விரிசல் விட்டு அதன் வழியாகச் செந்தண்ணீர் காம்பராவுக்குள் ஒழுகியது. கல்லை அணைத்து வைத்தேன், பலகையை முட்டுக் கொடுத்தேன். பலகை என் கண்ணெதிரே மெல்ல வளைந்தது. உள்ளே பிள்ளை வீறிடுகிறது, அந்தப் பக்கம் அக்கா என் பெயரைச் சொல்லி அழைக்கிறாள், உள்ளங்கைத் தோல் உரிந்து மண்வெட்டிப் பிடி வழுக்குகிறது.

அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், அது பக்தி இல்லை. கையெடுத்துக் கும்பிடக்கூட இல்லை. "ஆத்தா, என்னால ஏலல. இனி நீ பாத்துக்க" என்று வாய்விட்டுச் சொன்னேன், அவ்வளவுதான். அதைச் சொன்ன மாத்திரத்தில், நம்பினால் நம்புங்கள், பயம் போய்விட்டது. மழை நிற்கவில்லை, சுவர் நிமிரவில்லை, பயம் மட்டும் போய்விட்டது. தலைச்சுமையை யாரோ இறக்கி வாங்கிக்கொண்ட மாதிரி கழுத்து லேசாகியது.

அப்போது முன்பக்கத்திலிருந்து ஒரு குரல். "பாக்கீ."

என்னை அப்படிக் கூப்பிடுகிற ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

எழுந்து ஓடினேன். இஸ்தோப்புத் திண்ணையில் அம்மா நின்றாள். மழைக்குப் போடுகிற கம்பளியைத் தலையில் கொங்காணி போட்டிருந்தாள், அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. சிரிக்கவில்லை. ரொம்ப தூரம் நடந்து வந்தவள் முகம்.

"அம்மா, எப்ப வந்த?" என்றேன். அவள் இந்தியாவில் இருக்கிறவள், வர முடியாது என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் இன்றைக்கும் எனக்குப் புரியாதது. வந்துவிட்டாள், அவ்வளவுதான் தோன்றியது.

"பேசிக்கிட்டு நிக்க நேரமில்லடி. புள்ளைய எடு. அவளையும் கூட்டிக்க. கோயிலுக்குப் போவோம்."

"பள்ளிக்கூடந்தானே கிட்ட? பாலத்தத் தாண்டினா…"

"கோயிலுக்கு வா."

பெட்டியில் துணியும் தோடும் இருந்தன, கை அந்தப் பக்கம் போனது. "ஒண்ணும் எடுக்காத" என்றாள். பிள்ளையை இடுப்பில் தூக்கினேன். அடுத்த காம்பராவுக்குப் போய் அக்காவின் கையைப் பிடித்து எழுப்பினேன். "எங்கடி?" என்று கேட்டாள், "கோயிலுக்கு" என்றேன், மறுபேச்சில்லாமல் வந்தாள்.

அம்மா முன்னால் நடந்தாள். கோயில் மேட்டுப் பாறை மேல் இருக்கிறது, போகிற வழி தேயிலைக்கு ஊடாகச் செங்குத்து, காய்ந்த நாளிலேயே மூச்சு வாங்கும். அவளோ தினமும் ஏறுகிறவள் மாதிரி கல் பார்த்துக் கால் வைத்து ஏறினாள். நான் பேசிக்கொண்டே போனேன். என்னென்ன பேசினேன் என்று எல்லாம் ஞாபகமில்லை. பிள்ளைக்கு உன் மூக்கு என்று சொன்னேன். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொன்னேன். நீ இல்லாமல் நிறுவை வரிசையில் நிற்க முடியவில்லை என்று சொன்னேன். அவள் திரும்பவில்லை. ஒரே ஒரு தடவை, "புள்ள தலைய மூடு" என்றாள்.

எனக்கு அவளைத் தொட வேண்டும் போல இருந்தது. முந்தானை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஆனால் ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் அக்காவின் கை. விட்டால் அக்கா உருண்டுவிடுவாள். கோயிலுக்குப் போய்த் தொட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

படியில் ஏறி அம்மா கோயிலுக்குப் பின்பக்கமாகத் திரும்பிப் போனாள். நாங்கள் வந்து சேர்ந்ததும் அக்காவை உட்கார வைத்து, பிள்ளையை அவள் மடியில் கொடுத்துவிட்டு நான் பின்பக்கம் போனேன். பாறையும் மழையும்தான் இருந்தன.

அப்போதுதான் அந்தச் சத்தம். கல் ஏற்றிய லொறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டியது மாதிரி. கீழே பார்த்தால் லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவு அப்படியே இறங்கி எங்கள் காம்பராக்கள் இருந்த இடத்தை மூடிக்கொண்டு ஆற்றுக்குள் போனது. பாலம் அதற்கு முன்பே இல்லை, வெள்ளம் கொண்டு போயிருந்தது.

நான் அதைச் சரியாகப் பார்க்கவும் இல்லை. "அம்மா, அம்மா" என்று கோயிலைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன்.

"யாரத் தேடுற?" என்றாள் செவனம்மா அக்கா.

"எங்கம்மாவ. நமக்கு முன்னால வந்தாளே."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஒங்கம்மா இந்தியாவுல இருக்கா, பாக்கியம். முன்னால யாரும் வரல. நீதான் பேசிக்கிட்டே போன. எனக்குப் பயமா இருந்துச்சு, ஒன் கைய விடாம வந்தேன்."

அன்று அந்தப் படியில் உட்கார்ந்து நான் அழுத அழுகை உயிர் பிழைத்ததற்காக இல்லை.

அம்மா செத்துத்தான் ஆவியாக வந்தாள் என்று நினைத்து உடைந்து போனேன். ஆனால் அடுத்து வந்த கடுதாசியில் அம்மா நல்ல சுகம் என்று தம்பி எழுதியிருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ ஆத்தாகிட்ட விட்டுட்ட. அவ வந்துட்டா. ஒனக்குத் தெரிஞ்ச மொகத்துல வந்தாத்தானே நீ பின்னால போவ?" என்றார். யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. வேறு யார் வந்து கூப்பிட்டிருந்தாலும் நான் வாதாடிக்கொண்டு நின்றிருப்பேன். அக்காவுக்கு அந்த வாரமே ஆண் பிள்ளை பிறந்தது. நான் திரும்பவும் கோயிலுக்குப் போய் அம்மா வைத்த விளக்கை வைக்கத் தொடங்கினேன். பயம் வருகிறபோதெல்லாம் முதலில் ஆத்தாவிடம் சொல்லிவிடுவேன், பிறகுதான் மண்வெட்டியை எடுப்பேன்.

அம்மா அதற்குப் பிறகும் சில வருசம் இருந்தாள். சாவுக்கு என்னால் போக முடியவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி நான் புதுக்கோட்டைப் பக்கத்து ஊருக்குப் போனபோது அவள் இருந்த வீட்டில் அவளுடைய படம்தான் இருந்தது. மழை பெய்து மண் சரிந்த கதையை அன்று தம்பியிடம் சொன்னேன், கடுதாசியில் எழுதினால் பைத்தியம் என்பானோ என்று அதுவரை எழுதாமலே விட்டிருந்தேன். சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது.

"அக்கா, அது பொங்கல் கழிச்சா?"

"ஆமா."

"மத்தியானமா?"

"ஆமாடா. ஏன்?"

அவன் அம்மாவின் படத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான். அந்த வருசம் பொங்கல் கழித்து ஒரு நாள், வாசலில் மிளகாய் காய வைத்துவிட்டு அம்மா உள்ளே போய்ப் படுத்தாளாம். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் பாயில் ஆள் இல்லை. ஊரெல்லாம் தேடிவிட்டு இவன் திரும்பி வந்தபோது, சுள்ளென்று அடிக்கிற வெயிலில், வாசலில் தொப்பலாக நனைந்து நின்றாளாம்.

"கொளத்துல விழுந்திட்டாளோன்னு நெனச்சேன். ஆனா அந்த வருசம் மழை பொய்ச்சு கொளம் வத்திக் கெடந்துச்சுக்கா. 'எங்க போன அம்மா'ன்னு கேட்டேன். 'பாக்கியத்துக்கு ஒண்ணும் இல்ல, ஆத்தா பாத்துக்கிட்டா'ன்னு மட்டும் சொன்னா. அப்புறம், 'கால் வலிக்குதுடா, சோறு போடு'ன்னு உக்காந்தா. பாத்தா கணுக்கால்ல ரத்தம் ஒழுகுது. அட்டை."

"கொளத்து அட்டையா இருக்கும்."

"கொளத்து அட்டை எனக்குத் தெரியாதா? இது நூலாட்டம், நம்ம தேயிலைக்குள்ள காலச் சுத்துமே, அந்த அட்டை. நாந்தான் உப்புப் போட்டு எடுத்தேன். இந்த ஊர் ஆளுங்க யாருக்கும் அது என்னன்னே தெரியல, கூட்டமா வந்து பாத்துட்டுப் போனாங்க."

அந்த மண்ணை நான் பார்த்தேன். வெடித்துக் கிடக்கிற செம்மண், முள் மரம், வெயில். மலை அட்டை அங்கே ஒரு மணி நேரம் உயிரோடு இருக்காது.

வந்தது ஆத்தா என்று நான் நம்புகிறேன், இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் ஆத்தா என்றால், என் அம்மாவின் காலை எது கடித்தது? அம்மாதான் என்றால், கோயிலுக்குப் பின்னால் திரும்பியவள் எந்த வழியாகப் போனாள், அவ்வளவு தூரம், அந்தக் காலோடு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் படியில் உட்கார வைத்துக் காலைப் பிடித்துவிட்டிருப்பேன்.