எர்த் குழிக்கு மூன்று குடம்

திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒருவர் தனியாகக் குடியிருந்தார். மெலிந்த, உயரமான மனிதர். சாயங்காலம் டேப்ரிக்கார்டரில் பாட்டுக் கேட்க உட்காருமுன், கொல்லையில் மின்கம்பி புதைத்திருந்த எர்த் குழிக்கு மூன்று குடம் தண்ணீர் ஊற்றுவார். எர்த் காய்ந்தால் கரண்ட் கெடும், கரண்ட் கெட்டால் பாட்டுக் கெடும் என்பது அவர் கட்சி. ஸ்டெபிலைசர் மட்டும் இரண்டு வைத்திருந்தார்.

ஒருநாள் மதில் அருகே வந்து, "வயல்ல குறுவைக்கு மோட்டார் ஓட்ட ஆரம்பிச்சிட்டாங்க சார். கரண்ட் இறங்கிடுது. பாட்டுல வயலின் சத்தம் மங்கிப் போச்சு" என்றார்.

எனக்கு மதிலுக்கு இந்தப் பக்கமே வயலின் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"பேட்டரில போட்டுப் பாருங்களேன். கரண்டா இல்லையான்னு தெரிஞ்சிடும்."

அவர் குடத்தைக் கீழே வைத்தார். "போன மாசமே பாத்துட்டேன் சார். அதுலயும் இப்படித்தான்."

"அப்புறம் எதுக்குக் கரண்ட திட்டுறீங்க?"

"கரண்டுன்னா என்னிக்காவது சரியாகும். காதுன்னா நான் என்ன சார் பண்ணுவேன்?"

அவர் மூன்றாவது குடத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனார். பாட்டு இன்னும் சத்தமாக வந்தது.

மறுநாள் எண்ணினேன். நான்கு குடம் ஊற்றினார்.