செவலைப் பசு தவறிய செய்தி

‘ஜனவரி, இரண்டாம் செவ்வாய். மூடுபனி. பஸ் நாற்பது நிமிடம் தாமதம். மனு ஒன்று: வெள்ளம், செவலைப் பசு, காணவில்லை.’ என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. கடைசிச் சொல் பிழை என்று தெரிய ஏழு வாரம் ஆயிற்று.

டெல்லி லோதி ரோட்டில் மத்திய அரசின் குறைதீர்ப்பு அலுவலகத்தில், தமிழில் வரும் மனுக்களை ஆங்கிலத்தில் சுருக்கி மாநிலத்துக்கு அனுப்புவது அப்போது என் வேலை. அந்த மனுவை எழுதியவர் டெல்டாப் பக்கத்து விவசாயி, ஒரு அம்மாள். கார்த்திகை வெள்ளத்தில் ‘எங்கள் செவலைப் பசு தவறிவிட்டது’, அரசு தரும் இழப்பீடு வரவில்லை என்று நாலே வரி. நான் டெல்லியில் பிறந்தவன். தவறியது என்றால் எனக்குத் தொலைந்தது. அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன். மனுவின் பின்னால் இணைத்திருந்த கால்நடை மருத்துவர் சான்று மங்கலான நகல். அதில் தேதியை மட்டும் உற்றுப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

அந்த மாதம் முழுக்கப் பனி விலகவில்லை. காலையில் வேப்பமரங்கள் அடிமரம் மட்டுமாக நின்றன. ஒருநாள் பஸ் நிறுத்தத்தில், பனிக்குள்ளிருந்து செம்மண் நிறத்தில் ஒரு பசு வந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி பனிக்குள் போயிற்று. டெல்லித் தெருவில் மாடு அதிசயமில்லை. ஆனாலும், அந்த மனுவின் பசுவும் இப்படித்தான் வெள்ளம் வடிந்த வயல்களில் வழி தேடி நடந்துகொண்டிருக்கும் என்று தோன்றியது. அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது. பல காலைகள் அதோடு நடந்தேன்.

மார்ச் தொடக்கத்தில் அந்த அம்மாளின் மகள் வந்தாள். டெல்லியிலேயே முனிர்காவில் அறை எடுத்து வேலைத் தேர்வுக்குப் படிப்பவள். காணாமல் போன மாட்டுக்கு இழப்பீடு கிடையாது என்று ஊருக்குப் பதில் போயிருந்தது. மாட்டை விற்றுவிட்டு வெள்ளத்தின்மேல் பழி போடுகிறாயா என்று அம்மாவை ஊரில் கேட்கிறார்களாம்.

“அம்மா காணாமப் போச்சுன்னு எழுதலையே சார். தவறிப்போச்சுன்னுதானே எழுதிருக்கு.”

இரண்டும் ஒன்றுதானே என்றேன்.

“உங்க வீட்டுல யாராச்சும் தவறிட்டா, தேடிக்கிட்டா சார் போவீங்க?”

அவள் குரலை உயர்த்தவில்லை. தண்ணீர் வடிந்தபோது பசு கட்டுத்தறியிலேயே கிடந்ததையும், கயிற்றை அறுத்துத்தான் எடுத்ததையும் சொன்னாள். என் பனியில் அத்தனை நாள் நடந்த பசு, ஓரடிகூட நகர்ந்திருக்கவில்லை.

திருத்தக் குறிப்பு எழுதினேன். எழுதினால் பிழை உன் பெயரில் கோப்பில் நிற்கும் என்று செக்‌ஷன் ஆபீசர் இந்தியில் எச்சரித்தார். சாவதற்கும் தொலைவதற்கும் உங்கள் மொழியில் ஒரே சொல்லா, அச்சா, சிக்கனமான ஜனங்கள் என்று சிரித்தார். கையெழுத்துப் போட்டேன். மருத்துவர் சான்றை இந்த முறை வரிவரியாக ஆங்கிலத்தில் எழுதி இணைத்தேன்.

மாநிலத்திலிருந்து ஒரு வரி வந்தது: ‘ஆவன செய்யப்பட்டது.’ என்ன செய்யப்பட்டது என்று இல்லை. கேட்டு எழுதியதற்குப் பதில் இல்லை. முனிர்கா அறையை அந்தப் பெண் காலி செய்துவிட்டாள். அவள் கொடுத்த எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது.

நாட்குறிப்பில் ‘காணவில்லை’ என்பதை அடித்து, ‘இறந்தது’ என்று மையால் எழுதியிருக்கிறேன். அதன் கீழே பென்சிலில் ஒரு வரி: இழப்பீடு அந்த அம்மாளுக்குக் கிடைத்ததா, உறுதி செய்யப்படவில்லை.