பூட்டிய கட்டுரையை எடுத்துக்கொண்டு ஆம்பூருக்கு

பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த சனிக்கிழமை ஆம்பூர் போனேன். பிரியாணிக்காக இல்லை. பையில் ஓர் ஆய்வுக் கட்டுரையின் அச்சுப்பிரதி இருந்தது. அதைத் திங்கட்கிழமைக்குள் என் தோழி ஷபானாவின் வீட்டில் சேர்க்க வேண்டும். திங்கள் காலை அவர்கள் வீட்டுக்குப் போர்வெல் லாரி வருகிறது. இருக்கிற ஆழ்துளைக் கிணற்றை இன்னும் இருநூறு அடி இறக்கப்போகிறார்கள். அவளுடைய அண்ணிக்கு எட்டாம் மாதம். குழந்தை பிறப்பதற்குள் குடிக்கிற மாதிரி சொந்தத் தண்ணீர் வேண்டும் என்பது அவள் அப்பாவின் ஆசை. ஆழத்தில் நல்ல தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பதற்கு என் பையில் விடை இருந்தது.

வாட்ஸப்பில் அனுப்பினால் போதாதா என்று நானும் கேட்டேன்.

"போன்ல காட்டினா அப்பா ஃபார்வர்டு மெசேஜுன்னு தள்ளிவிட்டுடுவாரு. பேப்பரா எடுத்துனு வா. நீயும் வா. மெட்ராஸ்ல வேலை பாக்குற பொண்ணு சொன்னா கேப்பாரு. நான் சொன்னா எங்க கேக்குறாரு?" என்றாள்.

அவளும் வேலை பார்க்கிறவள்தான். ஒரு ஷூ தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் இருக்கிறாள். வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு லாட் தோலிலும், பதனிடச் சேர்க்கும் குரோமியம் எவ்வளவு என்று பார்த்து அறிக்கை கொடுப்பது அவள் வேலை. அந்த அறிக்கை அன்று மாலையே கடல் கடந்து வாங்குபவரின் மேசைக்குப் போய்விடும். யாரோ ஒருவர் காலில் மாட்டப்போகும் ஷூவுக்கு இவ்வளவு கவனம். அதே தோலைப் பதனிட்ட ஊரின் குடிதண்ணீரைப் பற்றிய இந்தக் கட்டுரையை அந்த ஊர்க்காரி படிக்க, அதை வெளியிட்ட ஆய்விதழ் நாற்பது டாலர் கேட்கிறது.

சென்னை சென்ட்ரலில் காலை ஆறரை மணி வாக்கில் கிளம்பும் வண்டி. முன்பதிவில்லாப் பெட்டி, எண்பது ரூபாய். ஏறத்தாழ நூற்று எண்பது கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அரக்கோணம் வரை நின்றுகொண்டு போனேன், அங்கே இடம் கிடைத்தது. காட்பாடி தாண்டியதும் வலப்பக்க ஜன்னலில் பாறைக் குன்றுகள் வரும். அதைப் பார்க்காமல் கட்டுரையை மறுபடி படித்தேன்.

இது என் கைக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் முன்பு, நானும் ஷபானாவும் வேலூரில் எம்.எஸ்ஸி. வேதியியல் கடைசி வருடம் படித்தபோது, ஓர் அரசு ஆய்வு நிறுவனத்திலிருந்து அவள் தெருவுக்குத் தண்ணீர் மாதிரி எடுக்க ஒரு குழு வந்தது. வீடு வீடாக அழைத்துப் போய், உருதுவிலும் தமிழிலும் விளக்கி, குழாயடியில் குனிந்து பாட்டில் பிடித்துக் கொடுத்தவள் ஷபானா. முடிவு வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். சொல்லவில்லை. கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வந்தது. இலவசமாகத் தெரிவது பத்து வரிச் சுருக்கம் மட்டும். அதை ஷபானா மனப்பாடமாகச் சொல்வாள். 'சில கிணறுகளில் அனுமதிக்கப்பட்ட அளவைவிட அதிகம்' என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டு, "எந்தச் சில?" என்பாள். ஒன்றரை வருடமாக அதே கேள்வி.

நான் கடைசியில் ஆய்வை நடத்திய பேராசிரியருக்கே மின்னஞ்சல் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் முழுக் கட்டுரையும் வந்தது. 'அந்த ஊருக்காகக் கேட்ட முதல் ஆள் நீங்கள்' என்று எழுதியிருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. கேட்டால் கொடுப்பார் என்று அந்த ஊருக்கு யார் சொன்னது? ஏன் திறந்து வைக்கவில்லை என்று கேட்டேன். அந்த இதழில் எல்லோரும் படிக்கத் திறந்துவைக்க எழுதியவர்களே கட்டணம் கட்ட வேண்டும், அது எங்கள் களப்பணிச் செலவையே தாண்டும், பதவி உயர்வுக் குழு அப்படிப்பட்ட இதழ்களைத்தான் மதிக்கிறது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆய்வுக்கு வரிப்பணம். கட்டுரையைச் சரிபார்த்த மற்ற விஞ்ஞானிகளுக்குச் சம்பளம் கிடையாது. தண்ணீர் கொடுத்தவர்கள் சும்மா கொடுத்தார்கள். விலைச்சீட்டு மட்டும் கடைசியில் வந்த பதிப்பகத்துடையது.

ஆம்பூரில் இறங்கியபோது மணி பத்தாகவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் எண்பது கேட்டார், அறுபதுக்கு வந்தார். இரண்டரை கிலோமீட்டர்.

"இன்னாமா, ஃபேக்டரி இன்டர்வியூவா?"

"இல்லண்ணா. தண்ணி விஷயமா வந்தேன்."

"அட! தண்ணியப் பத்திப் பேச வர்றவங்க ஜாஸ்தி, கொண்டாந்து குடுக்குறவங்கதான் கம்மி. பாட்டில் பாட்டிலாப் புடிச்சினு போவாங்க. அப்புறம் அது இன்னா ஆச்சுன்னு அந்தத் தண்ணிக்கே தெரியாது."

நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தெருவுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டவை எண்கள். ஒவ்வொரு வீட்டு மோட்டார் பக்கத்துச் சுவரிலும் பெயின்டில் ஒரு எண். ஷபானா வீட்டில் 7. எதிர்வீட்டில் 12. வீட்டு எண் என்று நினைத்தேன். இல்லை. ஆய்வுக் குழு பாட்டிலில் ஒட்டிய எண். ஷபானாவின் அண்ணன் இம்தியாஸ் கூலிக்குத் தோல் பதனிட்டுக் கொடுக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். பல வியாபாரிகளின் தோல் ஒரே டிரம்மில் சுற்றும். போடும் முன் ஒவ்வொரு தோலின் ஓரத்திலும் அதன் சொந்தக்காரருக்குரிய அடையாளத்தைக் குத்திவிடுவார்கள். சுண்ணாம்பு, சாயம் எல்லாம் கடந்து வந்தாலும் அந்தக் குத்தைப் பார்த்து உரியவரிடம் திருப்பிக் கொடுப்பார்கள். தெருவில் பாதிப் பேர் அந்த வேலை செய்கிறவர்கள். தண்ணீருக்கு எண் கொடுத்ததும் அதையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மறந்துவிடக் கூடாதென்று சுவரில் எழுதிவைத்துக் காத்திருந்தார்கள்.

ஷபானா வாசலிலேயே பிரதியைப் பிடுங்கிக்கொண்டாள். "வா"கூடச் சொல்லவில்லை. நின்றபடியே புரட்டினாள். இருபத்து நான்கு கிணறுகளின் அட்டவணை எட்டாம் பக்கத்தில். விரல் 7-இல் நின்றது. உப்பு குறைவு. குரோமியம் கண்டறியும் அளவுக்கே இல்லை.

"அப்பா! ஏழு நல்லாயிருக்கு!"

அவள் அப்பா ரஹீம் பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த ஒற்றை வரியை இரண்டு முறை பார்த்தார். "நான் சொன்னேன் இல்ல? நம்ம தண்ணி நல்ல தண்ணி. கீழ போனா இன்னும் இனிக்கும்." இம்தியாஸ் லாரிக்காரரை அழைத்துத் திங்களை உறுதி செய்தார். அண்ணி சமையலறை வாசலில் நின்று, "அப்போ குடிக்கலாமா?" என்று கேட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் குடிக்கலாம் என்றோம். நானும்தான்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு முருகேசன் வந்தார். பக்கத்து மனையை விற்க முயன்றுகொண்டிருப்பவர். "பன்னெண்டு இன்னா சொல்லுது?" என்றார். பன்னிரண்டில் குரோமியம் அளவுக்கு மேலே. ஷபானா மெல்லத்தான் சொன்னாள்.

"இந்தப் பேப்பர வெளிய காட்டுனீங்க, என் மனைய எவன் வாங்குவான்? பேஜாராப் போச்சு. கிழிச்சுப் போடும்மா."

"தெரியாம இருந்தா மட்டும் தண்ணி சரியாயிடுமா?" என்றேன்.

"நீ நாளைக்கு ரயிலேறிப் போய்டுவ. நான் இங்கதான் கெடக்கணும்."

எல்லாம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று இணையத்தில் நீட்டி முழக்குகிறவள் நான். திறந்தால் நஷ்டப்படப் போகிறவர் ஒரு முழத் தூரத்தில் நின்றார்.

ஷபானா அட்டவணையை விட்டு நிமிரவில்லை. "அண்ணா, உங்க போர் எத்தன அடி?"

"முன்னூறு. ஏன்?"

"இதுல பன்னெண்டு முப்பத்தஞ்சு அடின்னு இருக்கு. தெறந்த கெணறாம்."

"நம்ம தெருவுல கெணறு ஏது?"

அவள் விரல் மேலே ஏறி 7-க்குப் போனது. அறுபது அடி. அவர்கள் போர் இருநூற்றைம்பது அடி. இம்தியாஸ் போனை எடுத்தார், மறுபடி வைத்தார்.

பேராசிரியரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன். சனிக்கிழமை என்றாலும் எடுத்தார். "ஓ, அதுவா? கட்டுரையைப் பரிசீலிச்சவர் ஒருத்தர், ஆத்துலேருந்து இருக்குற தூரத்தின்படி வரிசைப்படுத்தச் சொன்னார். அதனால நம்பர் எல்லாம் மாறிடுச்சு. பழைய நம்பர் எங்ககிட்ட தனி ஃபைல்ல இருக்கு."

"சார், இங்க பழைய நம்பரைச் சுவத்துல எழுதி வெச்சிருக்காங்க."

"எதுக்கு?"

இம்தியாஸ் போனுக்குக் குனிந்தார். "நம்பர் போட்டா சரக்கு திரும்பி வரும் சார். இங்க அப்படித்தான்."

வீட்டுக்காரர் கேட்டால் அவரவர் எண்ணை மட்டும் தருகிறேன் என்றார் பேராசிரியர். யாருடைய கிணறு என்று வெளியே சொல்ல மாட்டோம் என அன்று எழுதிக் கொடுத்திருந்தார்களாம். அப்படி எழுதிக் கொடுக்கச் சொல்லி அடம்பிடித்தவர் யார் என்று ஷபானாவுக்கு நினைவிருந்தது. முருகேசன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது டாலர் பூட்டின் மேல் எனக்கு இருந்த கோபம் இந்தப் பூட்டின் மேல் வரவில்லை. இதன் சாவி வீட்டுக்காரர் கையிலேயே இருந்தது. அப்படி ஒரு சாவி இருப்பதாக அவருக்குச் சொல்லத்தான் மூன்று வருடம் யாரும் வரவில்லை.

ரஹீம் பாய் பெயரில் கேட்டிருந்தோம். மாலை செய்தி வந்தது. ஷபானா வீட்டுக் கிணறு கட்டுரையில் 19. குரோமியம் இல்லை. உப்பு, குடிக்கக்கூடிய அளவைவிட மிக அதிகம். அதற்கு அருகிலேயே இருக்கும் 20 இன்னும் ஆழம், உப்பும் இன்னும் அதிகம். அங்கே கீழே போகப்போகத் தண்ணீர் கெடுகிறது என்று பேராசிரியர் எழுதியிருந்தார்.

ரஹீம் பாய் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "லாரிக்காரன வேணாம்னு சொல்லுடா," என்றார் மகனிடம். அண்ணி, "அப்போ கேன் தண்ணிதானா?" என்று கேட்டார். காலையில் எல்லோரும் சேர்ந்து பதில் சொன்னோம். இப்போது இம்தியாஸ் லாரிக்காரரிடம் பேச எழுந்து போனார்.

ஞாயிறு காலை ஷபானாவோடு பாலாற்றுக்கு நடந்தேன். ஆறு என்று சொல்ல மணலும் முட்செடியும் இருக்கிறது. அவள் மணலில் உட்கார்ந்து கட்டுரையின் கடைசிப் பக்கத்தை எடுத்தாள். நன்றியுரையில் 'ஒத்துழைத்த உள்ளூர் மக்களுக்கு' என்று ஒரு வரி.

"இதுல நான் இருக்கேன் பாரு," என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "பி.எச்டி. பண்ணணும் மலரு. இந்த ஆத்த வெச்சே பண்ணணும். ஆனா படிக்க வேண்டிய பேப்பர் எல்லாம் பூட்டியிருக்கு. காலேஜ விட்டு வந்த அன்னைக்கே லைப்ரரி பாஸ்வேர்டு செத்துப்போச்சு. ராத்திரி போன்ல ஒவ்வொரு சுருக்கமாப் படிக்கிறேன். பிரியாணிக் கடைக்கு வெளிய நின்னு வாசன புடிக்கிற மாதிரி இருக்குது."

மணலைக் கிளறினால் ஈரம் வருமா என்று இருவரும் பார்த்தோம். வரவில்லை.

திரும்பி வந்ததும் அவள் உள்ளே போய் பெயின்ட் டப்பாவோடு வந்தாள். சுவரில் பழைய 7-ஐ அடித்துவிட்டு, கீழே 19 என்று எழுதினாள். பக்கத்தில் தமிழிலும் உருதுவிலும்: உப்பு அதிகம், குடிக்காதீர்கள், குரோமியம் இல்லை, துவைக்கலாம். ரஹீம் பாய் வாசலில் நின்று பார்த்தார். தடுக்கவில்லை. "எழுத்து கோணலாப் போகுது," என்று மட்டும் சொன்னார்.

நான் கிளம்பும்போது முருகேசன் தெருமுனை வரை என் பையைத் தூக்கி வந்தார். அவர் வீட்டு வாசலைக் கடந்த பிறகு மெதுவாகக் கேட்டார். "அந்த சார் நம்பர் குடும்மா. சும்மா வெச்சிக்கிறேன்."

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஆம்பூரிலிருந்து வேலூர் ஐம்பது கிலோமீட்டர், பேருந்து அடிக்கடி உண்டு. நேரம் இருந்தால் வேலூரிலிருந்து அமிர்தி போகலாம். மழை முடிந்த கையோடு போனால்தான் அருவியில் தண்ணீர் இருக்கும். ஆம்பூரில் பிரியாணியை மதியம் ஒரு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள், கத்தரிக்காய்த் தொக்கைக் கேட்டு வாங்குங்கள். யார் வீட்டிலாவது தண்ணீர் கொடுத்தால் அது விலைக்கு வாங்கிய கேன் தண்ணீர் என்று நினைவு வைத்துக் குடியுங்கள்.

உங்கள் ஊரைப் பற்றிய ஆய்வு பூட்டிக் கிடந்தால் பணம் கட்டாதீர்கள். தலைப்பை இணையத்தில் தேடுங்கள், இதழுக்கு அனுப்பும் முன் எழுதிய வடிவம் எங்காவது திறந்திருக்கலாம். இல்லாவிட்டால் எழுதியவருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள். இந்தப் பேராசிரியரும் தன் நிறுவனத் தளத்தில் அந்த வடிவத்தைப் பதிவேற்ற முதலிலிருந்தே அனுமதி இருந்ததைத் தேடிப் பார்த்து, அடுத்த வாரம் ஏற்றிவிட்டார். உங்கள் வீட்டுக்கு யாராவது மாதிரி எடுக்க வந்தால், கட்டுரையில் எங்கள் எண் என்ன ஆகும் என்று பாட்டிலைக் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

நேற்று ஷபானா தெருவைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். நான்கு சுவர்களில் பழைய எண்ணை அடித்துப் புது எண் எழுதியிருக்கிறது. எதிர்வீட்டுச் சுவரில் 12 அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு சாண் இடத்துக்கு மட்டும் யாரோ புதிதாக வெள்ளையடித்திருக்கிறார்கள். அதில் இன்னும் எதுவும் எழுதவில்லை.