எட்டாவது கதவு: போர்டிக்சன் பழைய கடைத்தெருவில் ஒரு காலை நடை

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போர்டிக்சனின் பழைய கடைத்தெருவுக்குத் தனியாகப் போய்வந்தேன். கட்டடங்களைப் பார்க்கப் போவதாகப் பிள்ளைகளிடம் சொன்னேன். அது பாதி உண்மை.

சிரம்பானிலிருந்து காலை 7.20க்குப் பேருந்து. கட்டணம் நான்கு வெள்ளி, அதாவது ரிங்கிட். முப்பத்திரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி ஐந்து நிமிடம் ஆயிற்று. வழியில் நான் வளர்ந்த ரப்பர் தோட்டம் வந்திருக்க வேண்டும். இப்போது அங்கெல்லாம் எண்ணெய்க்கான செம்பனை. ஓட்டுநரைக் கேட்கலாம் என்று நினைத்து, தயங்கி, இருந்துவிட்டேன்.

நிறுத்தத்திலிருந்து தெருவுக்கு என் நடையில் எட்டு நிமிடம். இரு பக்கமும் மாடிக் கடைகள். முன்னால் தூண்களோடு அஞ்சடி நடைபாதை. வலப்பக்க வரிசையின் முதல் தூணில் குடையைச் சாத்தி வைத்தேன். ஜப்பான்காரன் காலத்தில், பதினைந்து வயதில், நான் நின்ற இடம் அது.

அப்பா தோட்டத்தில் கிராணி, கணக்கு எழுதுபவர். ஜப்பானியர் சயாம் ரயில்பாதை போடக் கட்டாயமாக ஆள் பிடித்தபோது, அங்கே பால்மரம் வெட்டும் தொழிலாளி கந்தசாமி தப்பிவந்து, எதிர்வரிசையில் நான்காவது கடை மாடியில் ஒளிந்திருந்தார். அப்பா கொடுக்கும் மரவள்ளிக்கிழங்கைப் பின்சந்து வழியாக நான் கொண்டுபோவேன். "சின்னக் கிராணியாரே, கெழங்குக்குக் கைநாட்டு வைக்கணுமா?" என்று சிரிப்பார்.

ஒரு நாள் அந்தத் தூணருகே ஒரு சிப்பாய் என்னை நிறுத்தினான். தப்பிய தோட்டத்து ஆள் எங்கே என்று கேட்டான். பள்ளியில் ஜப்பானிய மொழி படித்த பெருமை எனக்கு. அவரைக் காப்பாற்ற நினைத்து, எதிர்வரிசையில் பூட்டிக் கிடந்த எட்டாவது கடையை மனத்தில் வைத்து, "எட்டாவது கதவு" என்று கையை நீட்டினேன். தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், வீட்டுக்கு ஒரு கதவுதான்; அந்தப் பழக்கத்தில் கடை என்பதற்குக் கதவு என்றேன். பிறகு ஓடிவிட்டேன். அன்றே கந்தசாமியைப் பிடித்துப் போனார்கள். அவர் திரும்பவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, காரில் அவ்வழியே போகும்போதுதான் கவனித்தேன்: ஒவ்வொரு கடைவாசலை அடுத்தும் மாடிப்படிக்கென்று ஒரு குறுகிய கதவு இருக்கிறது. அப்படி எண்ணினால் எட்டாவது கதவு, நான்காவது கடையின் படிக்கதவு. அவை பிற்காலத்தில் வைத்தவையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இத்தனை காலம் இருந்தேன். அதைப் பார்க்கத்தான் போனேன்.

நான்காவது கடை இப்போது சாப்பாட்டுக்கடை. முதலாளிக்கு அறுபது வயது இருக்கும்.

"என்னங்கய்யா, கதவ எண்ணிக்கிட்டே வர்றீங்க? வெல பேசப் போறீங்களா?"

"இல்ல பாய். இந்தப் படிக்கதவு எப்ப வச்சது?"

"எங்க வாப்பா கடையெடுத்தப்பவே இருந்துச்சு. மேல பாருங்க லா."

பார்த்தேன். கடைவாசலுக்கு மேல் தொடங்கிய சுண்ணாம்புச் சுதைக் கொடி வேலைப்பாடு படிக்கதவின் மேலும் ஒட்டுத் தெரியாமல் ஓடி முடிகிறது. இரண்டு வாசலும் ஒரே நாளைய வேலை. கீழே கல்படி நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது.

பாய் பாலில்லாத தேநீர், தே ஓ, வைத்துவிட்டு, "யாரத் தேடுறீங்க?" என்றார். சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் நெடுநேரம் மேசையைத் துடைத்தார்.

"மேல ஏறிப் பாக்குறீங்களா? வெங்காய மூட்டைதான் கெடக்குது."

பதினேழு படிகள். அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். சன்னல் பலகையைத் தள்ளினேன். எதிரே முதல் தூண். அதில் சாத்திய என் குடை. கைப்பிடியின் வளைவுகூடத் தெரிந்தது.

கை நீட்டியது நான் என்று கந்தசாமிக்குத் தெரிந்திருக்காது என்றே எண்ணியிருந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஒன்பது மணிக்கு முன்னால் போங்கள், சுதை வேலைப்பாடு சாய்வெயிலில் நன்றாகத் தெரியும். தெருவைச் சுற்ற ஒன்றரை மணி நேரம் போதும். தொப்பி அவசியம். மாடிக்கு ஏற பாய் விடுவார். சன்னலைத் திறக்க வேண்டுமா என்று மட்டும் படியேறும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.