டைல்ஸ் பசை

மரப்படகின் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, மேலே குங்கிலியம் பூசி அடைப்பதைக் கலப்பத்து என்பார்கள். பலகை தண்ணீரில் ஊறிப் பெருத்தால் பஞ்சு நசுங்கி இடம் கொடுக்கும். இது அக்கா வீட்டுக்காரரான என் மச்சானுக்கும் தெரியும். ஆனால் அவர் துபாயில் குளியலறைகளுக்கு டைல்ஸ் பதித்த மனிதர். இடைவெளியைக் கண்டால் கை சும்மா இருக்காது.

இனி வெளிநாடு போவதில்லை, இந்தப் பழைய படகுதான் பிழைப்பு என்று என் லாத்தாவிடம், அதாவது என் அக்காவிடம், அவர் சொல்லியிருந்தார். கடலூர் உப்பனாற்றங்கரையில் வைத்து அடிப்பலகையெல்லாம் மாற்றினோம்.

படகைத் தண்ணீரில் இறக்குகிற அன்று சிதம்பரத்தில் என் டைல்ஸ் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தேன். கிரேன்காரர் படகைச் சேற்றோரம் கட்டைகள் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஓதம் ஏறி ஆற்றில் தண்ணீர் உயர்ந்தால் தானே மிதக்க வேண்டியதுதான். குனிந்து பார்த்தேன். ஓர் இடுக்கு முழுக்க வெள்ளைக் கோடு. என் கடைப் பசை!

"பஞ்சு லூசா இருந்துச்சு மாப்ள. எடுத்துட்டு இதப் போட்டேன். கல்லு மாரி புடிக்கும்."

"கல்லு மாரி புடிச்சா பலகை ஊறி எங்க போவும்? ஆணியப் புடுங்கிக்கிட்டு வந்துடும் மச்சான்!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு படகுக்கு அடியில் நுழைந்தார். அவர் பசையைக் கொத்தக் கொத்த, நான் கையை நீட்டிப் பஞ்சைத் திணித்தேன். ஓதம் ஏறிக்கொண்டே இருந்தது. மல்லாந்து படுத்திருந்தவரின் காது வரை தண்ணீர் வந்துவிட்டது.

"வெளிய வாங்க மச்சான்."

"இன்னும் ரெண்டு அடிதான்."

கட்டை ஒன்று அசைந்தது. அவர் இரண்டு கால்களையும் பிடித்துச் சேற்றோடு சேற்றாக இழுத்தேன். கத்தினார், உதைத்தார், நான் விடவில்லை. வெளியே வந்து விழுந்ததும் கட்டை நழுவி, படகு அவர் படுத்திருந்த பக்கமே சரிந்தது. அந்தப் பலகை பிளந்து உள்ளே தண்ணீர் புகுந்தது. பார்த்துக்கொண்டே நின்றோம்.

"ஏன்டா இழுத்த? கொஞ்சந்தான பாக்கி? எல்லாம் போச்சே!"

"படகு மட்டும் மிதந்து, நீங்க அடியில போயிருந்தா, லாத்தாகிட்ட நான் என்னான்னு சொல்றது?"

அவர் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதார். அப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. திட்டிக்கொண்டே அவர் முகத்துச் சேற்றைத் துடைத்துவிட்டேன்.