இளவரசன் அங்கியில் ஒரு பிசகு

எனக்குச் சந்தேகப் புத்தி என்று கல்யாணமான புதிதிலேயே என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பால்காரர் ஊற்றும்போது அளவைப் பார்ப்பேன். கண்டக்டர் கிழித்துக் கொடுக்கும் டிக்கெட்டில் ஊர் சரியா என்று பார்ப்பேன். தேவையில்லாமல் சிரித்துப் பேசுகிறவர்களை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்ப்பேன். அதில் என்ன தப்பு என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேஜையில் எனக்குச் சோறு போடுவதே அந்தப் புத்திதான். தைத்து வரும் டி-ஷர்ட்டை விரித்துப் போட்டு, கழுத்து, தோள், கை, கீழ்மடிப்பு என்று கண்ணை ஓட்டிப் பிசகு தேட வேண்டும். கண்டுபிடித்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். நல்லாத்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டு துணியைத் தொட்டால் ஒரு ஓட்டைகூடக் கண்ணில் படாது.

எங்கள் மேஜையில் ஒரு வழக்கம் உண்டு. பாஸா ரிஜெக்டா என்று பிடிபடாத பீஸை ஒருத்தியாகத் தீர்ப்புச் சொல்லி ஒதுக்கக் கூடாது. 'டவுட்' பெட்டியில் போட வேண்டும். இன்னொருத்தி எடுத்துப் பார்ப்பாள். இரண்டு பேருக்கும் ஒத்துவந்தால்தான் முடிவு.

அந்த இன்னொருத்தி எனக்கு எப்போதும் பக்கத்தில் நிற்கும் அக்காதான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். சேர்ந்த புதிதில் என்னை "ஏட்டி" என்று கூப்பிட்டதும் எனக்குச் சுருக்கென்று ஏறியது. எங்கள் ஊரில் நாய்க்குட்டியைக்கூட அப்படிக் கூப்பிட மாட்டோம். "ஏனுங்கக்கா, கொஞ்சம் மருவாதியாப் பேசுங்க" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாசமாக் கூப்புட்டா மரியாத கேக்கியே" என்றார். அப்புறம் அது பழகிப்போய், ஒருநாள் ஏட்டி வராவிட்டால் கோபமா என்று கேட்க ஆரம்பித்தேன்.

அவருக்கு ஒரே மகன். அப்பனுக்கும் மகனுக்கும் ஏதோ வாய்த்தகராறு முற்றி, கையை ஓங்குகிற அளவுக்குப் போய், "இனி இந்த வாசல மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். பெங்களூரில் இருக்கிறான் என்று கேள்வி. அம்மாவுக்கு ஒரு போன் கிடையாது. அக்கா அவனைப் பற்றி அதிகம் பேச மாட்டார். ஆனால் கம்பெனி கேட்டில் யாராவது வளர்ந்த பையன் வந்து நின்றால் அவர் கை நின்றுவிடும்.

அந்த மந்திரவாதித் தொடருக்குள் அவர் விழுந்தது இதனால்தான். வடக்கே எடுத்துத் தமிழ் பேசவிட்ட தொடர். தினமும் ராத்திரிச் சோற்று நேரத்தில் ஓடும். ஓவர்டைம் இருந்தால் மறுநாள் டீ நேரத்தில் போனில் பார்ப்போம். சாபம் வாங்கிய இளவரசன் ஏழு மலை தாண்டிப் போய்விடுவான். அவன் அம்மா ராணி கோட்டை வாசலில் விளக்கேற்றிக் காத்திருப்பாள். நடுவில் ஒரு மந்திரவாதி. யார் உருவத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே வருவான், ஆனால் எடுக்கும் உருவத்தில் ஏதாவது ஒன்று பிசகிவிடும். மந்திரியாக வந்தான், கடுக்கன் காது மாறியிருந்தது. குதிரைக்காரனாக வந்தான், நிழல் விழவில்லை. எங்கள் மேஜைக்கு இதைவிட என்ன வேண்டும்? யார் முதலில் பிசகைப் பிடிப்பது என்று எங்களுக்குள் போட்டியே நடக்கும். பெரும்பாலும் நான்தான் பிடிப்பேன்.

கடைசி வாரம் என்று அறிவித்த அன்று அக்கா என் காதருகே குனிந்து, "அந்த ராசா மவன் வந்தாம்னா எம்மவனும் வந்துருவாம்ட்டி. மனசுல நெனச்சுக்கிட்டேன்" என்றார்.

"டிவியப் பாத்தெல்லாம் நெனைப்பாங்களாக்கா? கோயில்ல போயிப் பூக் கேளுங்க" என்றேன். எங்கள் பக்கம் அதுதான் முறை. வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு எடுத்துப் பார்ப்போம், நினைத்த பூ வந்தால் நடக்கும்.

"ஒங்களுக்குப் பூவு, எனக்கு டிவி. போ ஏட்டி அங்கிட்டு" என்றார்.

கடைசிப் பகுதி சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஓடியது. எங்கள் வீட்டில் எல்லோரும் பார்த்தோம். முந்தின நாளே மந்திரவாதி நெருப்பில் விழுந்தாயிற்று. ஆனால் பிணத்தைக் காட்டவில்லை. அப்போதே எனக்கு உறுத்தியது. சனிக்கிழமை மலை இறங்கி இளவரசன் வருகிறான். அம்மா போட்டுவிட்ட அதே நீல அங்கி. ராணி ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுகிறாள். பூமாரி, சங்கு, சுபம். என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அங்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஊரே அதைத்தான் பேசியது. பஸ்ஸில் ஒரு அம்மா, "ராணி அழுகறதுலயே பாதி நேரம் போயிருச்சுங்க" என்று அலுத்துக்கொண்டார். டீக்கடைக்காரர், மூன்று வருசம் இழுத்தவன் ஒரே மணி நேரத்தில் முடிப்பானா, இதில் ஏதோ சூது இருக்கிறது என்றார். அக்கா மட்டும் அன்றைக்குத் தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். மேஜைக்கு வந்தவர் என் கன்னத்தைக் கிள்ளி, "பாத்தியாட்டி, வந்துட்டாம்லா!" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அது எளவரசனே இல்லீங்கக்கா" என்றேன்.

மேஜையில் வேலை நின்றது. நான் சொன்னேன். அவன் ஊரைவிட்டுப் போகும் காட்சியைப் பழைய நினைப்பு என்று வாரம் ஒருமுறை காட்டுவார்கள். அங்கியின் கீழ்மடிப்பில் தங்க லேஸ். அந்த லேஸின் இரண்டு முனையும் சேரும் இடம் வலதுபக்கம், லேசாகச் சுருங்கியிருக்கும். அதே இடத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன்! இப்போது வந்தவன் அங்கியில் அது இடதுபக்கம் இருக்கிறது. சுருக்கமும் இல்லை.

எதிரே நிற்கும் சின்னப் பெண் போனை எடுத்து நிறுத்தி நிறுத்திப் பெரிதாக்கினாள். ஒவ்வொருத்தியாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். "ஆமாங்க்கா, நெசந்தானுங்க!" என்று ஒரே கூச்சல். மந்திரவாதி சாகவில்லை, மகன் உருவத்தில் கோட்டைக்குள் புகுந்துவிட்டான், ராணிக்குத் தெரியவில்லை, இரண்டாம் பாகத்துக்கு இதுதான் வழி என்று முடிவாகிவிட்டது.

சூப்பர்வைசர் பையன் வந்து, "ஷூட்டிங்குக்கு ரெண்டு மூணு செட் தெச்சு வெச்சிருப்பாங்கக்கா. இது வேற செட்டு. வேலையப் பாருங்க" என்றான்.

"ராசா ஊட்டுத் துணிக்கு ரெண்டு செட்டையும் ஒரே மாதிரி தெக்க மாட்டாங்களாக்கும்? நம்ம கம்பெனியிலயே உடமாட்டோம்" என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டான். அயர்ன் போடும் பீகார்க்காரர் இந்தியில் எப்போதோ பார்த்து முடித்தவர். அவரும் "ராஜா பேட்டா, ராஜா மகன்தான் அக்கா, கதை பூரா முடிஞ்சி" என்று சொல்லிப் பார்த்தார். உங்க ஊருக்கு ஒரு முடிவு, எங்க ஊருக்கு ஒரு முடிவு காட்டியிருப்பாங்க என்று அவரையும் அனுப்பிவிட்டோம்.

இத்தனை களேபரத்திலும் அக்கா மடித்த பீஸையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். சின்னப் பெண் என் இடுப்பில் இடித்து அவரைக் காட்டினாள். முகம் செத்துப்போயிருந்தது. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அதற்காகப் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியுமா?

சாப்பாட்டு நேரத்தில் அக்கா சின்னப் பெண்ணின் போனை வாங்கி அந்தக் காட்சியை மறுபடி மறுபடி பார்த்தார். "டிவில வலம் எடமா மாறித் தெரியுமோ? கண்ணாடில பாத்தா மாறுதுல்லா, அதுமாரி?" என்று கேட்டார்.

"அப்பிடின்னா வாளும் கை மாறியிருக்கோணுமல்லங்க்கா? அது வலது கையிலதான இருக்குது" என்றேன்.

போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "சரிட்டி. ரிஜெக்ட்டுன்னு மட்டும் சொல்லாத. டவுட்ல போட்டு வையி" என்றார். சரிங்கக்கா என்றேன்.

அந்த வாரமே ஒருநாள் அவர் மேஜைக்கு ஓடிவந்தார். புது நம்பரிலிருந்து மகன் பேசினானாம். "ஞாயித்துக்கெழம வாறேம்மா" என்று ஒரே வார்த்தை, அதோடு வைத்துவிட்டானாம். பெண்கள் கைதட்டினார்கள். எனக்கும் சந்தோஷம்தான், சத்தியமாக. ஆனால் புத்தி எங்கே போகும்?

"ஏனுங்கக்கா, இத்தன நாளா இல்லாத பாசம் திடீர்னு எப்பிடீங்க வந்துச்சு?"

அவ்வளவுதான், மேஜை முழுக்கப் பற்றிக்கொண்டது. கூட யாராவது பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருவான் என்றாள் ஒருத்தி. ஊரில் இருக்கும் நிலத்துக்குக் கையெழுத்துக் கேட்பான் என்றாள் இன்னொருத்தி. வேலை போயிருக்கும் என்றது சின்னப் பெண். அக்கா எல்லோர் வாயையும் மாறிமாறிப் பார்த்தார். கடைசியில் என் கையைப் பிடித்தார்.

"நீ வாட்டி ஞாயித்துக்கெழம. எனக்குப் பயமாருக்கு. நான் பெத்தவ, எனக்கு ஒண்ணுந் தெரியாது. ஒன் கண்ணுக்குத் தப்பாது. எங்களப் பாக்கணும்னு வாறானா, வேற எதுக்கும் வாறானான்னு பாத்துச் சொல்லு."

போனேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் கடைசி வீடு. அவர் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர். அவன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று காலையிலேயே பல்லடத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். அக்கா விடியற்காலையிலேயே எழுந்து மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தார். இந்த ஊரில் விற்கிற மீனெல்லாம் மீனா என்று வழக்கம்போல் திட்டினார். பேச்சு பேச்சாக இருந்தது, பார்வை தெருமுனையில் இருந்தது.

உச்சி வெயிலில் வந்தான். தாடி, இளைத்த உடம்பு, கன்னம் ஒட்டியிருந்தது. அக்கா மீன் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி அவன் முகத்தைப் பிடித்தார். வாய் கோணியது. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நல்லாருக்கியாம்மா?" என்றான். எனக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் என்னைக் கூப்பிட்டது அழுவதற்கு அல்லவே. நான் பார்க்க ஆரம்பித்தேன்.

பை சின்னது. இரண்டு நாள் தங்குகிறவன் பை அல்ல. செருப்பை உதறவில்லை, அப்படியே வாசற்படியில் நின்றான். கண் அம்மாவிடமிருந்து நழுவிப் பக்கச் சுவருக்குப் போனது. அங்கே தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு பைக் நின்றது. அவனுடையதுதான். ராத்திரி ஷிப்ட் பார்த்து வாங்கியதாம். சண்டையன்றைக்கு அப்பன் சாவியைப் பிடுங்கிக்கொண்டதால் கால்நடையாகப் போயிருக்கிறான். இப்போது தார்ப்பாயைத் தூக்கி டயரை அமுக்கிப் பார்த்தான். அப்புறம் திரும்பி, "சாவி கெடச்சிட்டாம்மா?" என்றான்.

என் சந்தேகம் எல்லாம் அங்கேயே தெளிந்துவிட்டது. பாவி, பெற்றவளைப் பார்க்க வரவில்லை, வண்டியைப் பார்க்க வந்திருக்கிறான்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா, "மொதல்ல உள்ள வாலே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். பின்னாலேயே போனேன். சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

"அக்கா, மனசத் தேத்திக்குங்க. அவன் உங்களுக்காக வரலீங்க. வண்டிக்குத்தானுங்க வந்திருக்கறான்" என்றேன்.

அவர் சட்டியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "தெரியும்ட்டி" என்றார்.

"தெரியுங்களா?"

"அவங்கூட்டாளிப் பய மூணு நாலு மட்டம் வந்து கேட்டாம். சாவி தொலஞ்சிட்டு, அவனையே வந்து தேடிக்கிடச் சொல்லுன்னு நாந்தான் சொல்லிவிட்டேன். வருவானோ மாட்டானோன்னுதான் கெடந்து தவிச்சேன். வண்டியத் தவுத்து எங்க நெனப்பும் கொஞ்சம் இருக்கான்னு பாக்கத்தாம் ஒன்னக் கூப்புட்டேன்." முந்தானை முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திக் காட்டினார். உள்ளே அப்பன் பிடுங்கி வைத்த அந்தச் சாவி இருந்தது. "இதக் குடுத்துவிட்டிருந்தா வண்டிதான போயிருக்கும். இவன் வந்திருப்பானா?"

பால்காரர், கண்டக்டர், மந்திரவாதி, அக்கா பெற்ற மகன் என்று ஒருவரையும் விட்டுவைக்காதவள், தினமும் தோளோடு தோள் இடித்து நின்ற இந்த அக்காவை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

வெளி அறையில் அவன் அலமாரி மேல் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா தட்டில் சோற்றைக் குவித்து, குழம்பை ஊற்றி, பெரிய துண்டமாகப் பார்த்து வைத்தார். கொண்டுபோய் அவன் முன்னால் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எங்கிட்டு வச்சேன்னு ஞாபகம் இல்லலே. நாலு நாள் இருந்து மெதுவாத் தேடு."