பாலத்துக்குப் பிறகு யோகமலர் ஓடவில்லை

பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கைகளிலும் பால் பிசுக்கு. தொலைபேசி அடித்தபோது மணிக்கட்டால் தட்டி, மேசையில் வைத்தபடியே பேசினேன். கொழும்பிலிருந்து யோகமலரின் மகள் கயல்விழி. "அன்ரி, அம்மா விடியப் போயிட்டா" என்றாள். எப்போது, எப்படி என்று கேட்டேன். பதில் சொன்னாள். அதில் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. கையைத் துடைக்காமலே புறப்பட இருந்தவளைப் பக்கத்து வீட்டுப் பெண்தான் பிடித்து உட்காரவைத்து, தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து, கண்டி பஸ் நிலையம் வரை கூட்டிக்கொண்டு போனாள்.

யோகமலரும் நானும் கொழும்பு அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் வேலை செய்தோம். இதை வாசிப்பவர்களில் பலர் அந்தக் கூடத்தில் எங்களோடு இருந்தவர்கள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நான் மலையகத்தவள். அவர் என்னை 'நீர்' என்பார், நான் அவரை 'நீங்க' என்பேன். கடைசிவரை இருவரும் அதை மாற்றவில்லை.

யோகாவின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் நம் பழைய சகா ஒருவர், புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "கண்டியில மரதன் ஓடப் போன இடத்துல புடிச்சிட்டாங்க. கூட ஓடின நம்ம ராணிக்கு ஒண்ணுமே தெரியாது. அவங்க ரொம்ப முன்னால போயிட்டாங்க, பாவம்." எல்லோரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் கயல்விழி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள்: "அம்மா ஓடுறவவோ அன்ரி? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

அவளுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இந்த எழுத்துத்தான் பதில்.

யோகா ஓடுகிறவர்தான். பள்ளிக்கூடத்தில் ஆயிரத்து ஐந்நூறு மீற்றரில் வடமாகாணப் போட்டி வரை போனவர். கொழும்புக்கு வேலைக்கு வந்த பிறகு தெருவில் வேகமாக நடக்கக்கூட மாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "எங்கடை ஊரிலை ஒராள் ஓடினா ஷெல் வருதெண்டு அர்த்தம். இஞ்சை நான் ஓடினா, எதையோ வைச்சிட்டு ஓடுறன் எண்டு அர்த்தம்" என்றார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அவர் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. அதனால் நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதியின் மதிலுக்குள், பூப்பந்துத் திடலைச் சுற்றித்தான் ஓடினோம். காலை ஐந்தரைக்குத் தொடங்கினால் ஆறரை வரை, ஒரே வட்டம். நானும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஓடியவள்தான். ஆனால் அவர் ஓடுவதைப் பார்த்த பிறகு என்னுடையதை ஓட்டம் என்று சொல்ல வாய் வரவில்லை. தோள் அசையாது, மூச்சுச் சத்தம் கேட்காது. "அவசரப்படாதையும் ராணி. அவசரப்பட்டா கால் உம்மடை சொல்லுக் கேளாது" என்பார். கண்ணாடித் தட்டில் இரத்தத் துளியைப் பரப்பும்போதும் அதையேதான் சொல்வார்.

கண்டியில் ஒரு விளையாட்டுக் கழகம் அரை மரதன் நடத்துகிறது என்ற துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்தவள் நான். நகரத்தில் தொடங்கி, மகாவலிப் பாலத்தைக் கடந்து, குண்டசாலை வரை போய் அதே வழியால் திரும்பவேண்டும். சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குப் போய்த் தங்கி, ஞாயிறு காலை ஓடி, மாலை ரயிலில் திரும்பிவிடலாம். யோகா பிரசுரத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"எனக்குப் பயமாக் கிடக்கு."

"கண்டி வேற, யோகா. எங்க ஊர்ல உங்கள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றேன்.

இதைச் சொன்ன நான், ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்தில் கலவரத்தின்போது எங்கள் வீடு எரிவதை மிளகுக்கொடிகளுக்குள் ஒளிந்திருந்து பார்த்தவள். அதன் பிறகுதான் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்த அப்பா எங்களைக் கண்டி நகரத்துக்குக் கூட்டிவந்தார். எல்லாம் தெரிந்துகொண்டே சொன்னேன். திடலைச் சுற்றிச் சுற்றி எனக்கு அலுத்துப்போயிருந்தது. நேரான ஒரு தெருவில் ஓட ஆசையாக இருந்தது. தனியாக ஓடத் துணிவில்லை.

சனிக்கிழமை அம்மா பிட்டு அவித்து வைத்திருந்தார். அப்பாவுக்கு யோகாவை உடனே பிடித்துவிட்டது. இருவரும் வானொலிச் செய்தியைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். வெளியூர் விருந்தாளி வந்தால் பொலிசில் பதியவேண்டும் என்பது அந்தக் காலத்து ஒழுங்கு. ஒரு நாள்தானே என்று நாங்கள் பதியவில்லை. அடையாள அட்டையை எங்கே வைப்பது என்பதில் மட்டும் யோகா பிடிவாதமாக இருந்தார். "அது இல்லாம நான் வாசலும் தாண்டமாட்டன்." ஓடும்போது இடைஞ்சல் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அம்மா ஒரு துணிப் பை தைத்துக்கொடுத்தார். அட்டையையும் கொழும்பில் பதிந்த பொலிஸ் பதிவுத் துண்டையும் பொலித்தீனில் சுற்றி அந்தப் பையில் போட்டு, சட்டைக்கு உள்ளே இடுப்பில் கட்டிக்கொண்டார். என்னுடைய அட்டை வீட்டு அலுமாரியில் இருந்தது.

ஞாயிறு காலை ஏறத்தாழ நூறு பேர் ஓடினோம். பெண்கள் பதினாறோ பதினேழோதான். போகும்போது பாலத்துக் காவலரணில் நின்ற சிப்பாய்கள் கைதட்டினார்கள். ஒருவன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். யோகா வாங்கிக் குடித்து, சிங்களத்தில் நன்றி சொன்னார். பாலத்தைக் கடந்த பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லாக் கிடக்கு, ராணி. ஆறு வருசத்துக்குப் பிறகு நேரா ஓடுறன்." அப்படி அவர் சிரித்து நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

திரும்பி வரும்போது பாலத்தில் வேறு ஆட்கள் நின்றார்கள். நகரத்தில் எங்கோ அநாதரவாகக் கிடந்த ஒரு பொதியைப் பற்றி அவர்களுக்குச் செய்தி வந்திருந்ததாம். அதை நான் பிறகுதான் அறிந்தேன். அப்போது கண்டது, கைதட்டல் இல்லாத முகங்களைத்தான். நான் பத்தடி முன்னால். யோகா பின்னால். வியர்வையில் அவருடைய சட்டை உடம்போடு ஒட்டி, இடுப்புப் பை புடைத்துத் தெரிந்திருக்கவேண்டும்.

"நங்கி, பொட்டக் இன்ன" என்றது ஒரு குரல். தங்கச்சி, கொஞ்சம் நில்.

எனக்குப் பின்னால் இரண்டு மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்த காலடிச் சத்தம் நின்றது.

"ராணி" என்று யோகா கூப்பிட்டார். சத்தம் போட்டு அல்ல. ஒரே தரம்.

நான் நிற்கவில்லை. என்னிடம் அட்டை இல்லை என்பது நினைவுக்கு வந்தது. என் சிங்களத்தில் பிசிறு இராது, பெயரைக் கேட்காதவரை என்னை யாரும் தமிழ்ப் பெண்ணென்று சொல்லமாட்டார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒரு நொடிக்குள். அதன் பிறகு எதையும் நினைக்காமல் ஓடினேன். மிச்சம் இருந்த ஐந்து கிலோமீற்றரையும் வாழ்க்கையில் ஓடியிராத வேகத்தில் ஓடினேன். பெண்களில் மூன்றாவதாக வந்தேன். கழுத்தில் மாலை போட்டு, கையில் ஒரு கிண்ணத்தைத் தந்தார்கள். பெரிய சிங்கள அதிகாரி ஒருவர் என்னைத் தட்டிக்கொடுத்தார். அவரிடம் சொல்லியிருக்கலாம். வாழைப்பழம் தந்தார்கள், தின்றேன்.

கூட்டத்தில் இருந்த அப்பா, யோகா எங்கே என்று கேட்டார். பின்னால் வருகிறார் என்றேன். முக்கால் மணி நேரம் நின்றோம். கடைசியாக ஓடிவந்த ஓர் இளைஞன், பாலத்தில் ஒரு பெண்ணை ஜீப்பில் ஏற்றினார்கள் என்றான்.

"நீ பாக்கலியாம்மா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. நான் ரொம்ப முன்னால ஓடிட்டேன்."

என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் தனியாகப் பொலிஸ் நிலையத்துக்குப் போனார். அந்தப் பெண் தான் தனியாக வந்ததாகவும், கண்டியில் தனக்கு யாரையும் தெரியாது என்றும் சொல்கிறாளே, நீ யார் என்று அங்கே அவரைக் கேட்டார்கள். என் வீட்டு விருந்தாளி என்று அப்பா சொன்னார். பதியாத குற்றத்துக்கு அவரிடமும் வாக்குமூலம் எழுதினார்கள். எழுதிக்கொடுத்துவிட்டு அங்கிருந்த மர வாங்கிலிலேயே உட்கார்ந்துவிட்டார். போகச் சொல்லியும் போகவில்லை. திங்கட்கிழமை காலை எங்கள் பிரிவின் தலைமை மருத்துவர், அவர் ஒரு சிங்களவர், கொழும்பிலிருந்து மூன்று தரம் தொலைபேசியில் பேசிய பிறகு, மத்தியானம் போலத்தான் விட்டார்கள்.

முச்சக்கரவண்டியிலிருந்து இறங்கியபோது யோகாவின் சட்டையில் ஓட்ட இலக்கம் அப்படியே குத்தியிருந்தது. அம்மா கட்டிப்பிடித்து அழுதார். யோகா அழவில்லை. குளிக்கச் சுடுதண்ணீர் கேட்டார். குளித்துவிட்டு வந்து இரண்டு துண்டுப் பாண் சாப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீர் ஓடி முடிச்சனீரோ?"

"முடிச்சேன்."

"எத்தினையாம் இடம்?"

"மூணாவது."

"நல்லது."

அப்பாவுக்கு என்னவோ போல இருந்திருக்கவேண்டும். "ராணி முன்னால போயிருச்சும்மா. அது பாக்கல" என்றார். யோகா என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஓம் ஐயா. ராணி நல்லா முன்னுக்குப் போயிட்டா. அவவுக்குத் தெரிய வழியில்லை."

கூடத்தில் கேட்டவர்களுக்கும் அதையேதான் சொன்னார். நீங்கள் எல்லோரும் நம்பிய கதை அவர் எனக்குத் தந்தது. நான் அதற்குள் வசதியாக இருந்துகொண்டேன்.

அதன் பிறகு யோகமலர் ஓடவில்லை. விடுதித் திடலுக்கும் இறங்கவில்லை. பஸ் புறப்படப் பார்த்தாலும் ஓடி ஏறமாட்டார், அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். வேலையில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. அந்த மாதமே காயப்பட்ட சிப்பாய்கள் வந்தார்கள். இரத்தம் பொருத்திப் பார்க்கும் வேலை மலையாகக் குவிந்தது. "நீங்க இத விடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது ஓ பொசிட்டிவ். வேற என்ன கிடக்கு இதிலை?" என்று வேலையைத் தொடர்ந்தார். அவர் கல்யாணத்துக்கு நான் போனேன். கயல்விழி பிறந்தபோது முதலில் தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. கண்டியைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அந்த ஓட்டத்துக்கு எட்டு ஆண்டுகள் கழித்து அப்பா காலமானபோது யோகா முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். எல்லாம் முடிந்த மறுநாள், பின்பக்கத்துத் தண்ணீர்க் குழாயடியில் நானும் அவரும் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்போதுதான் அந்தப் பொலிஸ் நிலையத்தில் நடந்ததைச் சொன்னார்.

"அடிக்கேல்லை. ஓட்டக்காரி எண்டால் ஓடிக் காட்டு எண்டவங்கள். முத்தத்தைச் சுத்தி ஓடச் சொல்லிப்போட்டு, கதிரையைப் போட்டு இருந்து எண்ணினவங்கள். முப்பது, நாப்பது எண்டு. கால் பின்னிச்சுது. உம்மடை ஐயா வாங்கிலை இருந்து என்னையே பாத்துக்கொண்டிருந்தவர். ஒரு நிமிசமும் கண்ணை எடுக்கேல்லை. அதாலைதான் நான் விழேல்லை."

அப்பா இதை எங்களிடம் சொன்னதே இல்லை. என் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன்.

"யோகா, நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு."

"தெரியும்."

"கேட்டும் ஓடினேன்."

"கூப்பிட்ட பிறகுதான் உம்மட்டை அடையாள அட்டை இல்லையெண்டு நினைவு வந்தது. ஏன் கூப்பிட்டன் எண்டு இருந்தது. அதுதான் தனிய வந்தனான் எண்டு சொன்னனான்." குழாயை மூடினார். "நீர் நிக்காதது சரி. நிண்டிருந்தா ரெண்டு பேரையும் ஏத்தியிருப்பாங்கள்."

நான் அழத் தொடங்கியிருந்தேன். அவர் கோப்பைகளைத் தட்டத்தில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடுக்கினார். கடைசிக் கோப்பையை வைத்த பிறகு, கோபம் எதுவும் இல்லாத குரலில் சொன்னார்:

"ஆனா ஒருக்காத் திரும்பிப் பாத்திருக்கலாம், ராணி."

தட்டத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். வந்திருந்த சனத்துக்குத் தேநீர் ஊற்ற, சீனி எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்பது எனக்குக் கேட்டது.

கயல்விழி, உன் அம்மா என்னை மன்னித்துவிட்டதாக ஒருநாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அப்பாவின் காரியங்கள் முடிந்து, அடுத்த திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்பியபோது, எனக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஓய்வு பெறும்வரை மத்தியானங்களில் ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம். மன்னிக்கவும் இல்லை, என்னை விடவும் இல்லை. இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஆறுதல் அடைய எனக்கு உரிமை இல்லை. இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறேன்.